ஜாஸும் ஜாஸ்தியும்

சிதம்பரத்திலிருந்து மச்சான் போன் செய்தபோது நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். "அக்காவுக்கு ஜாஸ் அனுப்பிருக்கேன் மாமா, தெனமும் ரெண்டு போதும்" என்றான். அந்த இரைச்சலில் 'ஜாஸ்தி அனுப்பிருக்கேன்' என்றுதான் எனக்குக் கேட்டது. எதை ஜாஸ்தி அனுப்பினான், மாத்திரையையா? தைராய்டு ஆபரேஷன் முடிந்து வந்த என் மனைவிக்கு இதெல்லாம் கொடுக்கலாமா? வீடு சேரும்வரை ஒரே குழப்பம்.

வந்து பார்த்தால் அவள் வாட்ஸ்அப்பில் வரிசையாகப் பாட்டுகள். ஜாஸ் என்பது ஒருவகை அமெரிக்கப் பாட்டாம், எல்லாம் எப்போதோ பாடிப் பதிவு செய்தவை.

இவளும் பாடுகிறவள்தான். சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கரகரத்துவிட்டது. போகப் போகச் சரியாகலாம், இப்படியே நின்றுவிடவும் செய்யலாம் என்றார் டாக்டர். எது என்று கேட்டால் சிரிக்கிறார். கிறிஸ்துமஸ் பிராக்டிஸ் தொடங்கியும் இவள் போகவில்லை. வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது.

மச்சான் அனுப்பியதில் ஒரே பாட்டு இரண்டு தடவை இருந்தது. ஒன்றில் இளநீர் போன்ற குரல். மற்றதில் அதே பாட்டைத் தேய்ந்த தொண்டையில், வரியை முடிக்க மூச்சுப் போதாமல் யாரோ பாடினார்கள். முதலாவது மகள், இரண்டாவது அம்மா என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நான் மகள் பாட்டைப் போட்டால் இவள் போனைப் பிடுங்கி அம்மா பாட்டைப் போடுவாள். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதுதான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்தபோது கேட்டேன். சிரித்தான். இரண்டும் ஒரே ஆளாம், எப்போதோ இறந்துபோன ஒரு அமெரிக்கப் பாடகியாம், நடுவில் பல வருஷமாம். உடம்பு கெட்டு, தொண்டையும் போன பிறகு பாடியதுதான் அந்த இரண்டாவதாம்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே. "அதான் ஒருவாட்டி நல்லாப் பாடி வச்சிட்டாங்கல்ல, அப்புறம் இந்தத் தொண்டைய வச்சிகிட்டு எதுக்கு மறுபடியும் பாடணும்?" என்றேன்.

மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவளின் கரண்டி நின்றது.

"அதத்தான் நானும் தெனமும் கேட்டுகிட்டிருக்கேன்" என்றாள்.

பாட்டைக் கேட்கிறாளா, பாடியவரைக் கேட்கிறாளா? சாப்பிட்டு முடித்தும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் புடவை மாற்றிக்கொண்டு வந்து வண்டிப் பக்கத்தில் நின்றாள். எங்கே என்று கேட்காமல் வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கரகரப்பு கொஞ்சமும் போயிருக்கவில்லை. சர்ச் வாசலில் இறங்கியவள் உள்ளே போகாமல் திரும்பினாள்.

"முன்வரிசையிலயே நிக்கட்டுமா?"

நில்லு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்குக் குரல் வரவில்லை.