ஒரு பச்சை நாடாவின் இடம்

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது யூசுப் பாயிடமிருந்து செய்தி வந்தது. "ஷபானா மௌத். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." ஷபானா அக்கா அவர் மனைவி. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுக் குரோம்பேட்டைக்குக் கிளம்பினேன். அக்கா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார்.

தினமும் இந்த ரயிலில் போய்வரும் உங்களுக்கு அவரைத் தெரியும். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகச் சுவரில் தொங்கும் பெரிய பின்னல் அவருடையது. படிப்பு முடிந்தவர்களும் வேலையை விட்டவர்களும் தூக்கிப் போட்ட ஐடி கார்டு நாடாக்களைப் பழைய இரும்புக் கட்டில் சட்டத்தில் நாடாக் கட்டில் போலவே பின்னியிருந்தார். காயலான் கடைகளில் பொறுக்கியதுபோக, ரயிலில் நம்மிடமும் கேட்டு வாங்குவார். என் கல்லூரி நாடா அப்படித்தான் அவரிடம் போனது. எல்லாவற்றையும் ஷாம்பு போட்டு அலசுவார். "கழுத்து வேர்வம்மா. லேசுல போவாது" என்பார். கொக்கியை மட்டும் பிரித்துக் கொடுத்தவரிடமே திருப்பித் தந்துவிடுவார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பாவுக்குச் சேலையூரில் இஸ்திரி வண்டி. திங்கள்கிழமைதோறும் என் ஆபீஸ் நாடாவையும் சூடு தணிந்த பெட்டியால் ஒருமுறை தேய்த்துக் கொடுப்பார். அதனால்தான் சில வருடங்களுக்கு முன் அந்த வேலை போனபோது வீட்டில் சொல்ல முடியவில்லை. கம்பெனியில் கார்டை வாங்கிக்கொண்டார்கள், நாடாவைக் கேட்கவில்லை. அதை மாட்டிக்கொண்டு, முனையைத் துப்பட்டாவுக்குள் மறைத்து, தினமும் தாம்பரம் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காலை சாக்குப் பையோடு வந்த அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா பவி, ஆபீஸு கழுத்துல கீது, நீ இங்க கீற?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாடாவைத் தொட்டுப் பார்த்தார். இந்தப் பச்சை நிறத்தில் நாடா தன்னிடம் இல்லை, தருவாயா என்று கேட்டார். மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"சரி, எடம் வுட்டு வைக்கறேன். தோணும்போது குடு."

சும்மா சொல்லவில்லை. ஞாயிறன்று அவர் வீட்டு மாடியில் பார்த்தேன். பின்னல் முழுவதும் முடிந்திருந்தது, நடுவில் ஒரு நாடா நீளத்துக்கு மட்டும் இடைவெளி. பின்னலை எடுத்துப்போகக் கல்லூரி வண்டி வரும் நேரத்தில் ஓட்டையோடு எப்படிக் கொடுப்பாய் என்று யூசுப் பாய் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இத்தினி நாளா மதியானத்துல எங்க சாப்ட?" என்றார்.

மறுநாள் நாடாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு யூசுப் பாய் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். இன்னொரு கட்டில் சட்டத்தில் புதிய பின்னல், முக்கால்வாசி முடிந்தது. அதிலும் ஓர் இடைவெளி. யாருக்கென்று அவரிடம் அக்கா சொல்லவில்லை. இதைப் படிக்கும் உங்களில் ஒருவருக்காக இருக்கலாம். பின்னலை யூசுப் பாய் கலைக்கப் போவதில்லை.

என்னிடம் இருப்பது அக்கா திருப்பித் தந்த அந்தப் பச்சை நாடாவின் கொக்கி. எங்கள் வீட்டுச் சாவி இப்போது அதில்தான் தொங்குகிறது.