சுவரோரத்து ஆவாரை

சங்கரன்கோவிலுக்கு வெளியே புது வீடு கட்டிக் குடிபோன முதல் கோடையில், மனைவி ஆசையாக வைத்த ரோஜாச் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகிப்போயின. குழாய்த் தண்ணீர் எங்களுக்கே போதவில்லை. மழை தொடங்கியதும், குருவிகுளம் சாலையோரத்தில் சேகரித்த ஆவாரை விதைகளைச் சுவரோரம் ஊன்றினேன்.

"ரோட்டுல தானா மொளைக்கதக் கொண்டாந்து வீட்டுல வளக்கேளாக்கும்" என்றாள் மனைவி.

செடிகள் ஆளுயரம் வந்த கோடையில், தெருவே காய்ந்து கிடந்தபோது, எங்கள் சுவருக்கு மேல் மஞ்சள் கொத்துக்கொத்தாகப் பூத்தது. நாங்கள் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. பிறகு மனிதர்களும் வந்தார்கள்.

ஒரு காலையில், நடைப்பயிற்சிக்குப் போகும் எதிர்வீட்டுப் பெரியவர் பூவைக் கிளையோடு ஒடித்துக்கொண்டிருந்தார். மனைவி வேகமாக வெளியே போனாள்.

"சுகருக்கு நல்லதுன்னு சொல்லுதாவ, அதான்..." என்று அவர் இழுத்தார்.

"பூவ மட்டும் பறிங்க அண்ணாச்சி. கிளைய ஒடிச்சா செடிக்கு வலிக்காதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் அவர் தம் மனைவியையும் அழைத்து வந்தார். அதுவரை அந்தத் தெருவில் யாரும் எங்களோடு நின்று பேசியதில்லை. இரண்டு பெண்களும் கேட்டைப் பிடித்தபடி வெயில் ஏறும்வரை பேசினார்கள். என் காப்பி தாமதமானது.

காப்பியை நீட்டும்போது மனைவி சொன்னாள்: "அடுத்த மழைக்கு அந்தப் பக்கச் சுவருக்கும் வெத எடுத்துட்டு வாங்க. எதுத்த வீட்டு அக்காவும் கேக்காவ."