கான் தோ கல்யாணத்துக்குப் போன மாப்பிள்ளை வீட்டார்

பயண முகவர் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு: விமானச் சீட்டைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளும் ஜனங்கள், அதோடு நாம் கொடுக்கும் அறிவுரையை நம் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

என் அலுவலகம் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் லின்ஃபீல்டில். உறவுக்கூட்டத்தைக் கட்டி மேய்த்து வெளிநாட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போய் வந்த வாசகர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். இந்த முறை கல்யாணம் வியட்நாமில், கான் தோ நகரத்தில். மாப்பிள்ளை அகிலன், எங்கள் தெரு சிவபாதத்தின் ஒரே மகன். பெண் லான், அவனோடு வேலை பார்த்தவள். அவளுடைய அப்பா அரைமனதோடு சம்மதித்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் குறித்த நல்ல வேளையில், சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள், மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலுக்கு வந்துவிட வேண்டும். தவறினால் பெண்ணை அனுப்பமாட்டார். கூட்டத்தை அந்த வாசலில் நேரத்துக்கு நிறுத்துவது என் பொறுப்பு.

விசா

ஆக்லாந்தின் மறுகோடியான பக்குரங்காவில் இருந்து வந்த குமரேசன், சிவபாதத்தின் நண்பர், கணினிக்காரர். வியட்நாமுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டும் என்று அவருக்கு மூன்று முறை செய்தி அனுப்பினேன். மூன்றுக்கும் கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. ஆக்லாந்தின் மங்கரே விமான நிலையத்தில் கவுண்டர் பெண் விசா கேட்டபோது, மனிதர் பாஸ்போர்ட்டின் அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதன் மேல் பொறித்திருந்த நாட்டின் பெயரை அவள் படிக்கவில்லை என்று நினைத்தார் போலும். அவரை விட்டுவிட்டுப் பறந்தோம். விசா கிடைத்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வந்து சேர்ந்தார்.

"கிவி பாஸ்போர்ட்டுக்கே விசா கேக்குறான்னா, அப்புறம் எதுக்கு சார் நான் சிட்டிசன் ஆனேன்?"

வெள்ளை

வெள்ளை உடை வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். அங்கே சாவு வீட்டில் தலையில் கட்டுவது வெள்ளைத் துணி. சிவபாதம் ஆண்கள் அனைவருக்கும் ஒரே மாதிரி பட்டு வேட்டியும் சட்டையும் தைத்துக் கொண்டுவந்து, ஹோட்டல் வரவேற்பறையில் விநியோகம் செய்தார். அங்கிருந்த பணியாளர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எங்களில் யாரோ இறந்துவிட்டதாக நினைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. நான் சந்தைக்கு ஓடி ஆளுக்கொரு சிவப்புச் சால்வை வாங்கி வந்தேன். சிவபாதம் சால்வையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"வேட்டி வெள்ளை இல்லைத் தம்பி, கிறீம். அவையளுக்கு நிறம் தெரியாட்டி நான் என்ன செய்யிறது?"

சுத்த சைவம்

வெள்ளிக்கிழமை மாலை லானின் சித்தப்பா ஆற்றங்கரை உணவகத்தில் எங்களுக்கு விருந்து வைத்தார். அந்த ஊரில் மீன் சாறு கலக்காத குழம்பு அபூர்வம். குமரேசன் ஆக்லாந்திலேயே எனக்குச் சைவத்தைப் பற்றி நீண்ட பாடம் எடுத்திருந்தார். ஆகவே அவருக்கென்று, புத்த மடத்தில் சமைப்பது போல வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்காமல் தனியாகச் சமைக்கச் சொல்லியிருந்தேன். சமையல்காரரே தட்டை ஏந்தி வந்து வைத்தார். திரும்பிப் பார்த்தால், குமரேசன் பக்கத்து மேஜையில் ஒரு நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாண வீட்ல ஆசையா குடுக்குறத வேணாங்கறது மரியாதையா சார்?"

ராகு

சனிக்கிழமை காலை எல்லோரும் சொன்ன நேரத்துக்கு வேனில் ஏறினார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெண் வீட்டுத் தெருமுனையில் சிவபாதம் "நிப்பாட்டு" என்றார். முகூர்த்த நேரத்தை எப்போதோ சொல்லியிருந்தேன். மனிதர் பஞ்சாங்கம் பார்த்தது வேனில்தான். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அது முடிந்துதான் இறங்குவேன் என்றார். ஆக்லாந்தில் இப்போது மத்தியானம் தாண்டியாயிற்று, உங்கள் ராகு அங்கே போயே விட்டது என்று சொல்லிப் பார்த்தேன். "ராகுவுக்கு டைம் சோன் இல்லைத் தம்பி" என்றார்.

கண்ணாடி வழியே லானின் அப்பா தெரிந்தார். வாசலில் கோட்டு அணிந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டாட், ப்ளீஸ்" என்றான் அகிலன். சிவபாதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து மணி நெருங்கியது. லானின் அப்பா வீட்டுக்குள் போகத் திரும்பினார். அகிலனின் அம்மா மாலதி எழுந்து வெற்றிலை பாக்குத் தட்டைத் தூக்கினார். மகனை முன்னே இறங்கச் சொல்லிவிட்டு, கணவரிடம் சொன்னார்:

"நீங்கள் ராகுவோட இருந்து ஆறுதலா வாங்கோ. நான் மகனோட போறன்."

கூட்டம் மொத்தமும் அவர் பின்னால் போக, சிவபாதம் பத்தரை வரை வேனிலேயே இருந்து, அப்பழுக்கில்லாத நல்ல நேரத்தில், முடிந்துபோன சடங்குக்கு நடந்து வந்தார். என் தொழிலில், எந்தக் கெடுதலும் அண்டாமல் தப்பி, சேர வேண்டிய இடத்தை மட்டும் தவறவிட்ட பயணியை அன்றுதான் பார்த்தேன்.