ஆர்லீன் திரும்ப வாங்கிய குல்லாக்கள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் எங்கள் ஊர்க் கப்பல் கட்டும் யார்டில், வெல்டர்களில் பாதிப் பேரின் தலையில் ஆர்லீன் பெல்கி பின்னிய குல்லா இருந்தது. நான் அங்கே கருவி அறைப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். யார் எதை வாங்கிப்போனார்கள், எதைத் திருப்பித் தந்தார்கள் என்று எழுதியே காலம் கழித்தேன். ஆர்லீனைப் பற்றியும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

அவள் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். இறந்துபோன கணவர் லியோ ஒரு வெல்டர். மகன் ராய்ஸும் வெல்டர்தான். முகக்கவசத்துக்கு அடியில் போடும் குல்லா பருத்தியாகவோ அசல் கம்பளியாகவோ இருக்க வேண்டும். தீப்பொறி விழுந்தால் அவை கருகி உதிர்ந்துவிடும். செயற்கை நூல் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் ஊரில் வெல்டர் வீட்டுப் பெண்கள் புது நூலின் நுனியை வெட்டித் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார்கள். முடி கருகும் வாடை வந்து சாம்பலானால் கம்பளி. உருகிச் சொட்டாகத் திரண்டால் வேண்டாம். ஆர்லீன் ஒருமுறை கடைக்குள்ளேயே கொளுத்திப் பார்த்து, கடைக்காரரால் வெளியே அனுப்பப்பட்டாள்.

அவள் எப்போதும் பருத்தி நூலில்தான், கொக்கி போன்ற குரோஷா ஊசியால் பின்னுவாள். ராய்ஸுக்கு அது பிடிக்காது. "அம்மா, இது குல்லாவா, பாத்திரம் தேய்க்கிற துணியா? வேர்வை காஞ்சா காதை அறுக்குது" என்பான்.

பக்கத்து வீட்டு கிளெனிஸ் தர்லோ கொல்லையில் அல்பாக்கா என்னும் ரோமம் அடர்ந்த, ஒட்டக இனத்துச் சிறு விலங்குகளை வளர்த்து, அவற்றின் ரோமத்தைத் தானே நூற்றாள். இருவரும் இளம் வயதுத் தோழிகள். லியோவின் அடக்கம் முடிந்த அன்று அத்தனை தட்டுகளையும் கழுவி வைத்துவிட்டுப் போனவள் கிளெனிஸ். ஒரு குளிர்காலத்தில் அவள் பழுப்பு நிற நூல்கண்டுகளை ஆர்லீன் முன்னால் தன் சமையலறை மேசையில் கொட்டினாள். ஆர்லீன் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஊசியில் மாட்டி ஒரு வரிசை போட்டாள்.

"வெண்ணெய் தடவின மாதிரி ஓடுதுடி."

"யார்டுப் பசங்களுக்குப் போடு. யாரு நூலுன்னு கேட்டா என் பேரைச் சொல்லு."

ஆர்லீனின் கை வழக்கம்போல் தீப்பெட்டிக்குப் போனது. எதிரே கிளெனிஸ் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கை திரும்பி வந்துவிட்டது.

அந்தக் குல்லாக்களுக்கு யார்டில் அடிதடியே நடந்தது. அவ்வளவு மென்மை.

மார்ச் மாதம் ராய்ஸ் தலைக்கு மேலிருந்த இரும்புத் தகட்டில் வெல்டிங் செய்தபோது, பொறி ஒன்று கவசத்தின் பின்புறம் நழுவி இடது காதுக்குப் பின்னால் விழுந்தது. குல்லாவைத் தோலோடு சேர்த்துத்தான் எடுக்க முடிந்தது. கிளெனிஸ் ஒரு சட்டி வேகவைத்த பீன்ஸோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிடி ஆச்சு?" என்று கேட்டாள். கவசத்தில்தான் ஏதோ கோளாறு என்று ஆர்லீன் சொன்னாள்.

பிறகு ராய்ஸின் பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். குல்லாவின் ஓரத்தில் கறுப்பாக, மணிபோல் ஏதோ ஆர்லீனின் விரலில் இடறியது. வீட்டுக்குப் போய் மிச்ச நூலின் முறுக்கைப் பிரித்தாள். இரண்டு புரி. தீக்குச்சி காட்டியதும் ஒன்று சாம்பலானது. மற்றது உருகித் திரண்டது.

என்னை அழைத்துக்கொண்டு கிளெனிஸ் வீட்டுக்குப் போனாள்.

"ஒரு புரி அல்பாக்கா, ஒண்ணு கடையில வாங்கினது" என்றாள் கிளெனிஸ். "வெறும் அல்பாக்கான்னா தொங்கிப்போகும். எல்லாரும்தான் கலக்கறாங்க."

"யார்டுக்குன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு எப்படி ஆச்சுன்னு கேட்ட."

கிளெனிஸ் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "எந்த நூலானாலும் நீ கொளுத்திப் பாப்பியே ஆர்லீன். பாத்துட்டுக் கேப்ப, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ பாக்கல."

"உன் மேசையில உக்காந்து, உன் காப்பியைக் குடிச்சுக்கிட்டு, உன் நூலைக் கொளுத்துவேனா?"

ஆர்லீன் எழுந்துவிட்டாள்.

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு காகிதப் பையோடு யார்டு வாசலில் நின்று, பழுப்புக் குல்லாக்களைத் திருப்பிக் கேட்டாள். கிளெனிஸின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது வெண்டல் ஐயாவோட தொழிலாச்சே. அவர்கிட்ட வேலைக்குச் சேந்துட்டீங்களா, ஆர்லீனம்மா?" என்றான் டுவேன் என்ற வெல்டர், பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி.

"கழட்டுடா."

"என் பொண்டாட்டி கைகூட இவ்வளவு மெத்துனு இருக்காது. தரமாட்டேன்."

"அதுல கலப்பு இருக்கு. ராய்ஸ் காதைப் போய்ப் பாரு."

மேஸ்திரி ஆல்டன் முன்னால் வந்தார். அவர் சிரிக்கவில்லை. "நீங்களா கொளுத்திப் பாக்காமப் பின்னினீங்க?"

"ஆமா."

"ஏன்?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"கிளெனிஸ் தர்லோ குடுத்த நூல்."

அந்த இருவரின் சிநேகம் யார்டு முழுக்கத் தெரியும்; அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. டுவேன்தான் முதலில் கழற்றிப் பையில் போட்டான். அந்தக் குல்லா வாங்கியவர்களில் இரண்டு பேர் வேறு யார்டுக்கு மாறிப்போயிருந்தார்கள். அவர்களுடைய தொலைபேசி எண்களை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆர்லீன் துறைமுகச் சாலை வழியாக வீட்டுக்கு நடந்தாள். அது சுற்றுவழி. கிளெனிஸ் வீட்டைத் தாண்ட வேண்டியதில்லை.