மாமாவின் ரஷ்யக்காரர்

எங்கள் சின்ன மாமா டொக்டருக்குப் படிக்க ரஷ்யாவுக்குப் போனவர். மூன்று வருடத்தில் பட்டம் இல்லாமல், ஒரு வயலினோடும் ஒரு பை நிறையச் சீடிகளோடும் எங்கள் ஊரான பனிச்சங்கேணிக்குத் திரும்பி வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்படி ஒரு மாமா வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை என்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

வீட்டில் அந்தப் பெருமை வேறு எவருக்கும் இல்லை. அம்மாவின் அக்காவான பெரியம்மாதான் மாமாவை வளர்த்தவர். ஏசுவதிலும் அவரே முன்னால் நின்றார்.

"படிக்க அனுப்பினா பாட்டுக் கேட்டுட்டு வந்திரிக்கான். மறுகா என்னத்தக் கதைக்கிற?"

அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு முடிந்ததும் மாமாவைக் கட்டாருக்கு வேலைக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. ஊரிலேயே இருந்து பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கப்போவதாக மாமா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமா ஓயாமல் கேட்டது ஒரே ஒரு ரஷ்யக்காரரின் இசையை. அவரும் சட்டம் படிக்கப் போய் இசையில் விழுந்தவராம். அவருடைய நாட்டிய இசையை முதல் நாள் கேட்ட சனம் சிரித்துக் கூச்சல் போட, மனிதர் கோபித்து எழுந்துபோனாராம். இதைச் சொல்லும்போது, தனக்கே நடந்ததுபோல் மாமாவின் முகம் சிவக்கும். அந்த இசையில் அடுத்த அடி எங்கே விழும் என்று சொல்லவே முடியாது. நான் கைதட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் ஏமாந்துபோவேன்.

அந்த இசையை ஊர் ஒருமுறை கேட்டால் போதும், மாமாவை அனுப்பமாட்டார்கள் என்று என் சின்னப் புத்திக்குத் தோன்றியது. சடங்கின் மூன்றாம் நாள் பின்னேரம் அந்தச் சீடியை எடுத்துப்போய், அம்மன் பாட்டு என்று கூசாமல் பொய் சொல்லி ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்தேன்.

முதலில் ஒரு குழல் தனியாக அழுதது. கொஞ்சத்தில் அடி தொடங்கியது. கோயில் வாசலில் சனம் திகைத்து நின்றது. ஒலிபெருக்கிக்காரர் நிறுத்தப் பாய்ந்தார். அதற்குள் பெரியம்மா கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டார். சடங்கில் வருடந்தோறும் அவர்மேல் தெய்வம் வரும்.

"நிப்பாட்டாத. தெய்வம் ஆடக்குள்ள மேளம் நிக்கப்படாது" என்றார் பூசை செய்யும் கட்டாடியார்.

அதனால் ரஷ்யக்காரரின் இசை கடைசி அடிவரை வாவிக்கு அக்கரையிலும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். மாமா மூச்சிரைக்க ஓடிவந்து அவர்கள் நடுவே நின்றார்.

இசை முடிந்ததும் பெரியம்மா வேப்பிலையை ஓங்கினார். "ஆருட மேளம் இது?"

"என்டதான், தாயே."

மாமாவின் நெற்றியில் திருநீறு விழுந்தது. "இவன் இஞ்சயே இரிக்கட்டும்."

தெய்வத்தின் வாக்கை மீற யாருக்குத் துணிவு? கட்டார்ப் பேச்சு அன்றோடு நின்றது. இன்றைக்கு மாமாவிடம் வயலின் படித்த பிள்ளைகள் கல்குடா வரைக்கும் இருக்கிறார்கள்.

அம்மனையே ஆடவைத்தவர் எங்கள் ரஷ்யக்காரர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒன்று மட்டும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாமாவின் பக்கத்திலேயே கிடந்து கேட்ட நான் கைதட்டத் தவறும் அந்த இசைக்கு, பெரியம்மாவின் கால் ஓர் அடிகூடப் பிசகவில்லை. மாமாவின் அறைக்கு அடுத்த அறை அவருடையது. ஏசி முடித்துக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, சுவரின் அந்தப் பக்கத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.