வாண்டர்லின் வாங்கப் போன ஹோஷியா

லாரிமர் கம்பெனியைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாட்டையே சக்கரத்தில் ஏற்றிய கம்பெனி என்பார்கள். போரில் டாங்கி செய்து கொடுத்த கம்பெனி என்பார்கள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் பெயர், உயர்நிலைப் பள்ளிக்கு அவர்கள் பெயர், ஆற்றுப் பாலத்துக்கும் அவர்கள் பெயர்தான். எங்களுக்கெல்லாம் சோறு போட்டவர்களாம். நாங்கள் என்னவோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தின்ற மாதிரி. அவர்களுக்கு நான் ஹோஷியா ப்ளெட்சோவின் கதையைத்தான் பதிலாகச் சொல்வேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

ஹோஷியா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மகள் ஆர்னெட்டாவும் நானும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே மாதத்தில் லாரிமரில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னைக் கண்டிக்க ஓர் ஆள் வேண்டும் என்று அந்தப் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

அமெரிக்காவின் தெற்கே ஆர்கன்சாவில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த மனிதர், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வடக்கே மிச்சிகனுக்கு ரயில் ஏறியிருக்கிறார். கம்பெனி வாசலில் கறுப்பர்கள் இந்தப் பக்கம், வெள்ளையர்கள் அந்தப் பக்கம் என்று பலகை ஒன்றும் தொங்கவில்லை. ஆனாலும் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எப்படியோ இரும்பு உருக்கும் கூடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். தகடு அடிக்கிற இடத்திலும் கார் பூட்டுகிற இடத்திலும் வெள்ளைக்காரர்கள். ஹோஷியா முப்பது வருஷத்துக்கு மேல் மணல் அச்சில் என்ஜினுக்கு இரும்பு வார்த்தார். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும். அத்தை அந்தக் கைக்குட்டைகளைத் தனி வாளியில்தான் ஊறவைப்பார்.

கம்பெனி மூன்று பெயர்களில் கார் விற்றது. கூலி வேலைக்குச் சேர்ந்தவனுக்கு டாசன். மேஸ்திரி ஆனால் ஆல்டன். டாக்டருக்கும் வக்கீலுக்கும் வாண்டர்லின். ஏணியில் ஏறுகிற மாதிரி ஒவ்வொருவனும் ஒரு படி ஏறவேண்டும், ஏறும்போதெல்லாம் தங்கள் கம்பெனியிடமே வாங்கவேண்டும் என்பது கம்பெனியை ஆரம்பித்தவரின் ஏற்பாடு. எங்கள் ஊரில் ஒருவனுக்குப் பதவி உயர்வு வந்ததா என்று அவனிடம் கேட்கவேண்டாம், அவன் வீட்டு வாசலைப் பார்த்தால் போதும். பழைய வாண்டர்லின் கதவைச் சாத்தினால் எழும் சத்தத்தைப் பற்றி ஆண்கள் முடிவெட்டும் கடையில் அரை மணி நேரம் பேசுவார்கள். கனமான, அடங்கின சத்தம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஹோஷியா ஞாயிற்றுக்கிழமை கோட்டைச் சனிக்கிழமையே போட்டுக்கொண்டு, உள்பையில் முழுப் பணத்தோடு, வாண்டர்லின் விற்கும் பெக்வித் ஷோரூமுக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்பு வாண்டர்லின் நின்றிருக்கிறது. உள்ளே காலை வைத்ததுமே விற்பனைக்காரன் எதிரே வந்து, வண்டி கழுவுகிற வேலைக்குப் பின்வாசலில் கேட்கவேண்டும் என்றான். இவர் வாங்க வந்திருப்பதாகச் சொன்னார். அவன் சிரித்துவிட்டு, டாசன் கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்று கையைக் காட்டினான். கம்பெனி விற்காதே என்று எழுதிக் கொடுத்திருந்ததா, கடைக்காரனே முடிவு பண்ணினானா, யாருக்குத் தெரியும். ஊரில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கடையிலும் வாண்டர்லின் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் அதன் என்ஜினுக்கு இரும்பு வார்த்தது இந்த மனிதரின் கை. எனக்கு அன்றைக்கு மூன்று வயது, இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடியில் கல்லெறிந்திருப்பேன்.

சவ அடக்கம் செய்யும் டில்லார்ட் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கமிஷன் கொடுத்து, அவன் பெயரில் ஒரு வாண்டர்லின் வாங்கிவிட்டார். ஹோஷியாவுக்கும் அதே வழியைக் காட்டினார். ஹோஷியா மறுத்துவிட்டார். முன்வாசல் வழியாகப் போய், தன் பெயரில், தன் காசில் வாங்குவேன் என்றார். அதுவரை டாசன் போதும் என்றார். ஒன்று துருப்பிடித்தால் அடுத்தது என்று அதற்கப்புறம் வாழ்நாள் பூராவும் டாசன்தான் ஓட்டினார். பின்னால் காலம் மாறி எங்கள் ஆட்களுக்கும் வாண்டர்லின் விற்க ஆரம்பித்தபோது, ஓய்வு பெறுகிற அன்றைக்கு வாங்குகிறேன் என்று தள்ளிவைத்தார்.

எண்பத்திரண்டில் அவர் ஓய்வு பெற்றார். நெஞ்சில் பாதி இடம் ஏற்கெனவே அந்த உலைக்கூடத்து மணல்தூசிக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வருஷம்தான் எங்கள் ஆலையிலேயே புது வாண்டர்லின் வர ஆரம்பித்தது. நீளத்தைக் குறைத்து, ஜப்பான்காரனோடு போட்டி போடுவதற்காகச் செய்த சின்ன வாண்டர்லின்.

செய்தது என்று நான் சொல்வதே பொய். ஆர்னெட்டாவுக்கு வேலை, வண்டியின் பின்மூடியில் பெயர்த்தகட்டை ஒட்டுவது. எனக்கு வேலை, அதற்குக் கீழே விளக்கு மாட்டுவது. ஒரு வண்டி வரும், முகப்புக் கண்ணாடியில் செருகிய சீட்டில் டாசன் என்று போட்டிருக்கும், அவள் டாசன் என்று ஒட்டுவாள். அடுத்த வண்டியின் சீட்டில் வாண்டர்லின். அதே தகடு, அதே என்ஜின், அதே கதவு. மூக்கில் கொஞ்சம் மினுமினுப்பு, உள்ளே தோல் இருக்கை, மரம் மாதிரி தெரிய ஒரு ஸ்டிக்கர். விலை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"பேரை மாத்தி ஒட்டிட்டா என்னடி ஆகும்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. வாங்கறவன் தோல் சீட்டு எங்கேன்னு கேப்பான். பேரைப் பாத்தா அதையும் கேக்கமாட்டான்" என்றாள்.

விற்பனை விழுந்தபோது கம்பெனித் தலைவர் டெலிவிஷனில் வந்து, தொழிலாளிகள் அக்கறையாக வேலை செய்வதில்லை என்று சொன்னார். நான் என் காலணியைக் கழற்றி டெலிவிஷன் மேல் எறிந்தேன். கையில் கொடுத்ததைத்தானே மாட்ட முடியும்?

ஹோஷியா ஓய்வு பெற்ற விருந்தில் கெளுத்தி மீன் பொரித்து, சோள ரொட்டி வைத்து, தெருவே சாப்பிட்டது. கடைசியில் அவர் எழுந்து நின்றார். தன் பழைய டாசனை விற்றாயிற்று என்றும், சனிக்கிழமை பெக்வித்துக்குப் போகிறேன் என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். டில்லார்ட் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். ஆர்னெட்டா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"சொல்லிடுடி" என்றேன்.

"என்னன்னு சொல்லச் சொல்றே? அப்பா, நீங்க இத்தனை வருஷமா ஆசைப்பட்டது நான் வாரத்துல ஆறு நாள் ஒட்டற தகடுதான்னா?"

"ஆமா. அப்படியே சொல்லு. இல்லேன்னா நான் சொல்றேன்."

"நீ வாயைத் தொறந்தே, அப்புறம் என் மூஞ்சில முழிக்காதே. அவரு அந்த உலைக்கூடத்துல எதை நெனச்சுக்கிட்டு நின்னாருன்னு உனக்குத் தெரியுமா? அதைப் பிடுங்கிட்டு நான் அவருக்கு என்ன கொடுப்பேன்?"

நான் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தேன். மறுநாள் அவள் அப்பாவிடம் வேறு விதமாகப் பேசிப் பார்த்தாள். பழைய பெரிய வாண்டர்லின் ஒன்று கைமாறி விலைக்கு வருகிறதாம், நல்ல நிலையில் இருக்கிறதாம் என்றாள். ஹோஷியா பிரிஜ்ஜில் ஒட்டி வைத்திருந்த புது வாண்டர்லின் விளம்பரப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அடுத்தவன் உக்காந்து தேச்ச சீட்டுல உக்காரவா நான் இவ்வளவு நாள் இருந்தேன்?"

"இந்தப் படத்தைப் பாத்தா நான் வாங்கின டாசன் மாதிரியே இல்லையாப்பா?" என்றாள் ஆர்னெட்டா.

"இப்ப எல்லா வண்டியும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு. உள்ள இருக்கறதுதான் வேற" என்றார்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஆர்னெட்டாவின் புது டாசனில் போனோம். ஊழியர் சலுகையில் அவள் வாங்கிய வண்டி அது. தன் பழைய வண்டியை நம்ப முடியாமல், வாராவாரம் டாக்டரிடம் போக ஹோஷியா அதைத்தான் ஓட்டிவந்தார். அன்றைக்கும் அவரே ஓட்டினார். பெக்வித் வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனார்.

விற்பனைக்காரன் சின்ன வயது. ஐயா, ஐயா என்று குழைந்தான். காபி கொண்டுவந்தான். வாண்டர்லின் வாங்குகிறவர்களே தனி ரகம் என்றான். டாசனில் இருந்து இதற்கு வருவது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றான். ஆர்னெட்டா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹோஷியா வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினார். டப்பென்று லேசான சத்தம். மறுபடி திறந்து சாத்தினார்.

அப்புறம் விளக்கைப் போட்டார். விசையை அவர் தேடவே இல்லை, கை தானாகப் போயிற்று. கண்ணாடி இறக்குகிற பொத்தானுக்கும் அப்படியே. ஸ்டீயரிங்குக்குக் கீழே முடிச்சு மாதிரி ஒரு பிசிறு உண்டு, எங்கள் அச்சில் இருந்த குறை அது, எல்லா வண்டியிலும் வரும். அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஆர்னெட்டா, இதுல பேரு ஒட்டினது நீதானே?"

"ஆமாப்பா."

"இதுக்கு முன்னாடி வந்த வண்டியில என்ன ஒட்டினே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், சத்தியமாக.

"டாசன்னு ஒட்டியிருப்பேன்."

"ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்பா."

விற்பனைக்காரன் குறுக்கே புகுந்து, இந்த அம்மா ஆலையில் ஒரு மூலையைத்தான் பார்க்கிறார்கள், முழு வண்டியையும் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றான். நான் அவன் கையில் இருந்த காபியைப் பார்த்தேன். அதை எங்கே ஊற்றலாம் என்று யோசித்தேன். ஹோஷியா இறங்கினார். அவனைத் திட்டவில்லை. உதிரி பாகம் விற்கிற ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

அங்கே போய், வாண்டர்லின் பின்பக்கத்துப் பெயர்த்தகடு ஒன்று வாங்கினார். பிளாஸ்டிக்தான், மேலே வெள்ளிப் பூச்சு. வெளியே வந்து ஆர்னெட்டாவின் கையில் கொடுத்தார்.

"ஒட்டும்மா."

"அப்பா..."

"வாரத்துல ஆறு நாள் அவனுக்கு ஒட்டறே. எனக்கு ஒரு தரம் ஒட்டு."

அவள் டாசன் என்ற தகட்டை நெம்பி எடுத்தாள். புதுத் தகட்டின் பின்காகிதத்தை உரித்து, அதே இடத்தில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அளவு பார்க்கவில்லை, ஆனால் இம்மி பிசகவில்லை. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கையில்லை. விற்பனைக்காரன் ஓடிவந்தான்.

"ஐயா, இது நல்லா இல்ல. டாசனை வாண்டர்லின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா ஜனங்களை ஏமாத்தற மாதிரி ஆயிடும்."

எனக்கு வந்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டிமேலேயே சாய்ந்துவிட்டேன். ஹோஷியா சிரிக்கவில்லை.

"தம்பி, இதோட கூடப் பொறந்தது உன் கண்ணாடிக்குள்ள நிக்குது. அதுலயும் இதே கைதான் ஒட்டிச்சு. உள்ள நின்னா ஏமாத்து இல்ல, வெளிய நின்னா ஏமாத்தா?"

அவன் உள்ளே போய்விட்டான். நாங்கள் வண்டியில் ஏறினோம். ஹோஷியா சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். பேச ஆரம்பித்தபோது மூச்சு இரைத்தது.

"அம்பத்தஞ்சுல அந்த இடத்துல நின்ன வண்டிக் கதவை ஒரு தரம் சாத்திப் பாக்க விட்டிருக்கலாம். அதுக்குக் காசா பணமா? அந்த வண்டி இப்ப எங்கயும் இல்ல. எனக்குக் கதவைத் தொறந்துட்டாங்களாம். உள்ள இருந்ததை எல்லாம் வழிச்சு எடுத்துட்டுத்தான் தொறந்திருக்காங்க திருட்டுப் பசங்க."

அவர் வாயிலிருந்து வசவு வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டீயரிங்கைக் கையால் ஓங்கிக் குத்தினார். ஹாரன் அலறியது. ஷோரூமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேரை எடுத்துடட்டுமாப்பா?" என்றாள் ஆர்னெட்டா.

"இருக்கட்டும். பாக்கறவன் கேக்கட்டும். நான் சொல்றேன்."

அதற்கப்புறம் இரண்டு குளிர்காலம்தான் இருந்தார். அந்த வண்டியை அவரே வைத்துக்கொண்டார். ஆர்னெட்டா என் வண்டியில் என்னோடு வேலைக்கு வந்து போனாள். சர்ச் வாசலில், முடிவெட்டும் கடையில், ஆஸ்பத்திரியில், எங்கேயாவது யாராவது, அடேயப்பா, வாண்டர்லினா, நல்ல வண்டி பெரியவரே என்று சொல்லிவிட்டால் போதும், நிறுத்தி வைத்து முதலிலிருந்து சொல்லுவார். பாதியில் மூச்சு முட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து சொல்லுவார். முழுதும் கேட்காமல் ஒருத்தரையும் அவர் போகவிட்டதில்லை.