நந்தியாவட்டைக்காரர்

திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில், விடிந்ததும் கையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையோடு நிற்பார் எதிர்வீட்டு மாமி. ராத்திரி முழுக்க டியூப்லைட்டைச் சுற்றிவிட்டுச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் அந்துப்பூச்சிகளை, பெருக்குபவர் துடைப்பத்தோடு வருவதற்குள் பத்திரிகையில் ஏற்றிச் செடியில் கொண்டுபோய் விடுவார். ஒவ்வொன்றுக்கும், அது புழுவாக இருந்தபோது தின்ற செடியின் பெயரையே வைத்திருந்தார். பழுப்பாக ஒன்றைக் காட்டி, "இவர் முருங்கைக்காரர்" என்பார்.

ஒருமுறை வாசலில் இருந்த நந்தியாவட்டையின் இலைகளைப் பச்சைப் புழுக்கள் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். மருந்தடிக்க ஆளைக் கூட்டிவந்தேன். மாமி பூக்கூடையோடு செடியை மறித்து நின்றார்.

"விட்டா செடியையே தின்னுடும் மாமி."

"இலையைத்தானே திங்கறது? நான் பூவைப் பறிச்சுண்டு போறேன். எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லை. நடுவுல நீங்க எதுக்கு?"

ஆளைப் போகச் சொன்னேன். மருந்துக்காரர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

செடி மறுபடி துளிர்த்த சமயம், ஒரு காலையில் மாமி என் கதவைத் தட்டினார். பத்திரிகையின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சி, பச்சையும் வெளிர்சிவப்பும் கலந்த பட்டுத்துண்டு போல உட்கார்ந்திருந்தது.

"யாருன்னு தெரியறதா? நந்தியாவட்டைக்காரர். நீங்க ஆள் வெச்சேளே, அவரேதான்."

பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுப் பூப்பறிக்கப் போய்விட்டார். ஆள் வைத்தவனிடமே அதை எந்தத் தைரியத்தில் கொடுத்தார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.